ரகசியக் காணொளி எடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஏன்?

பகாவ் பட்டணத்தில் ஓர் ஒட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் திருவிழா செய்தி ஒன்றை முடித்துவிட்டுத் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் மேசையை நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். "அக்கா, நீங்க பத்திரிகைதானே? ஒன்னு கேட்கணும்."

விஷயம் இதுதான். அவர்களில் ஒருவரின் அம்மா வீட்டுக்கு மனு போட்டிருக்கிறார். மனு நகரவில்லை. நடுவில் ஓர் ஆள் வந்து, "1,500 வெள்ளி கொடுத்தால் வேலை முடியும், மேலே கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். இளைஞர்கள் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். நான்கு பேரும் காசு சேர்த்து அந்த ஆளிடம் கொடுப்பது. கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்து முழுவதையும் பதிவு செய்வது. அன்றிரவே முகநூலிலும் டிக்டாக்கிலும் போட்டுவிடுவது.

"சபாவுல ஒருத்தர் செஞ்சாரே அக்கா, அதே மாதிரி."

அந்த சபாக்காரர் இப்போது லஞ்சம் கொடுத்த குற்றச்சாட்டில் நீதிமன்றத்தில் நிற்கிறார் என்றேன். நால்வருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. காணொளி லட்சக்கணக்கானவர்களைச் சென்று சேர்ந்தது. அதை எடுத்தவர்மீது வழக்கு வந்த செய்தி பலரைச் சேரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது அதனால்தான்.

சபாவில் நடந்தது

2024 நவம்பரில் மலேசியாகினி செய்தித்தளம் சில காணொளிகளை வெளியிட்டது. சபாவில் கனிமவள ஆய்வு உரிமம் தொடர்பாக மாநில அரசியல்வாதிகள் பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்தவை அவை. பதிவு செய்தவர் ஆல்பர்ட் தேய் என்ற தொழிலதிபர். உரிமத்துக்காகப் பணம் கொடுத்ததாகவும், கடைசியில் உரிமமும் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை என்றும் அவர் சொன்னார். தகவலளிப்பவருக்கான பாதுகாப்பைக் கேட்டார். கிடைக்கவில்லை.

2025 ஜூன் 30-ஆம் தேதி கோத்தா கினபாலு நீதிமன்றத்தில் மூன்று பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள்: தஞ்சோங் பத்துவின் அண்டி முகமட் சூர்யாடி, சிண்டுமினின் யூசோப் யாக்கோப். மூன்றாமவர் காணொளி எடுத்த தேய். உறுப்பினர்கள்மீது வாங்கிய குற்றம், தேய்மீது கொடுத்த குற்றம். குற்றச்சாட்டில் உள்ள தொகை ஒருவருக்கு 2 லட்சம் வெள்ளி, மற்றவருக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி. மூவரும் குற்றத்தை மறுத்து விசாரணை கோரினர்.

கதை அங்கே முடியவில்லை. 2025 நவம்பரில் சபா தேர்தலுக்கு முன், பிரதமரின் மூத்த அரசியல் செயலாளராக இருந்த ஷம்சுல் இஸ்கண்டார் முகமட் அக்கின் குறித்து தேய் புதிய தகவல்களை வெளியிட்டார். ஷம்சுல் பதவி விலகினார். சில நாள்களில் தேய் மீண்டும் கைதானார். டிசம்பர் தொடக்கத்தில் ஷம்சுல், தேய் இருவர்மீதும் குற்றம் சாட்டப்பட்டது. ரொக்கம், வீட்டுத் தளவாடங்கள், மின்சாதனங்கள் என 1 லட்சத்து 76 ஆயிரம் வெள்ளிக்கு மேல் கைமாறியதாக அதில் சொல்லப்பட்டது. இருவரும் மறுத்தனர்.

தேய்மீதுள்ள வழக்குகள் எதுவும் "ஏன் பதிவு செய்தாய்?" என்று கேட்கவில்லை. "ஏன் கொடுத்தாய்?" என்றுதான் கேட்கின்றன. நம் ஆள்கள் பலரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். பதிவு செய்தது குற்றமா, இல்லையா என்றே விவாதம் போகிறது. சட்டம் பார்ப்பது பெரும்பாலும் வேறு இடத்தை.

1,500 வெள்ளியின் கணக்கு

2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 16, 17-ஆவது பிரிவுகளில் கேட்பவர், வாங்குபவர், கொடுப்பவர், கொடுப்பதாக வாக்குச் சொல்பவர் எல்லாரும் வருகிறார்கள். தண்டனை 24-ஆவது பிரிவில்: 20 ஆண்டு வரை சிறை, அதோடு லஞ்சத் தொகையைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத அபராதம் அல்லது 10,000 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது.

பகாவ் இளைஞர்களுக்கு இதை ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1,500 வெள்ளிக்கு ஐந்து மடங்கு 7,500. 10,000 அதைவிடப் பெரிது. ஆக, குறைந்தபட்ச அபராதமே 10,000 வெள்ளி. சிறை தனி. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவருக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "எங்க காசு அக்கா, மாட்டி விடத்தானே கொடுக்குறோம்" என்றார் ஒருவர். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த நோக்கத்தை அவர் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். அதுவரை அவர் காசு கொடுத்தவர், அதற்கான ஆதாரக் காணொளியைத் தானே எடுத்துக் கொடுத்தவர்.

இன்னொரு பிரிவு இருக்கிறது. தோட்டத்தில் மட்டுமல்ல, பட்டணத்திலும் பலர் அறியாதது. 25-ஆவது பிரிவின்படி, லஞ்சம் கேட்கப்பட்டவர் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் ஆணைய அதிகாரியிடமோ போலீசிடமோ புகார் செய்ய வேண்டும். தகுந்த காரணமில்லாமல் செய்யாமலிருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதாவது அந்த ஆள் அம்மாவிடம் "1,500 கொடுங்கள்" என்று சொன்ன அன்றே புகார் செய்யும் கடமை தொடங்கிவிட்டது. ஒரு மாதம் மூச்சுக் காட்டாமல் இருந்து காணொளி எடுக்கத் தயாராவது, அந்தக் கடமையைத் தள்ளிப்போடுவதாகும்.

காணொளி எடுத்தும் வழக்கு வராதவர்

எல்லா ரகசியப் பதிவும் எடுத்தவரைச் சிக்க வைத்ததில்லை. நம் நாட்டின் மிகப் பிரபலமான ரகசியக் காணொளியில் இருந்தவர் ஒரு தமிழர், வழக்கறிஞர் வி.கே.லிங்கம். 2001 டிசம்பரில் அவர் வீட்டில் அவர் தொலைபேசியில் நீதிபதி நியமனங்கள் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விருந்தினராக வந்திருந்த லோ குவோ பர்ன் அதைப் பதிவு செய்தார். ஆறு ஆண்டு கழித்து, 2007 செப்டம்பர் 19-இல், அன்வார் இப்ராஹிம் அதன் ஒரு பகுதியை வெளியிட்டார். அடுத்த வாரமே வழக்கறிஞர்கள் கோட்டும் டையுமாகப் புத்ராஜெயாவில் நடந்துபோனார்கள். 2008 தொடக்கத்தில் அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. காணொளியில் இருப்பவர் தன்னைப் போலவே தெரிகிறார், தன் குரல் போலவே கேட்கிறது என்று லிங்கம் அங்கே சாட்சி சொன்னதை அப்பா தலைமுறை இன்றும் சொல்லிச் சிரிக்கும். காணொளி உண்மையானது என்று ஆணையம் முடிவு செய்தது. எடுத்த லோ குவோ பர்ன் 2008 மார்ச்சில் கிளானா ஜெயாவில் வென்று நாடாளுமன்றம் போனார்.

ஆனால் அதை வெளியே கொண்டுவந்த அரசியல்வாதிகளுக்கு நெருக்கடி வந்தது. அன்வாரின் உதவியாளர் சிம் சீ சின், கெஅடிலான் கட்சியின் அப்போதைய உதவித் தலைவரும் மனித உரிமை வழக்கறிஞருமான ஆர்.சிவராசா இருவருக்கும் அன்றைய ஊழல் தடுப்பு நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. மூலக் காணொளியைக் கொடு, கொடுத்தவர் யார் என்று சொல், மறுத்தால் சட்ட நடவடிக்கை என்பது அதன் சாரம். ஊழலை விசாரிக்க வேண்டியவர்கள் தகவல் கொடுத்தவரை முதலில் தேடினார்கள் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். தகவல் தந்தவரின் பெயர் வெளியே போனால் அடுத்தவர் எவரும் வாய் திறக்கமாட்டார்.

லோவுக்கும் தேய்க்கும் என்ன வித்தியாசம்? லோ யாருக்கும் காசு கொடுக்கவில்லை. யாரையும் பேசத் தூண்டவில்லை. அழைக்கப்பட்ட வீட்டில், தன் கண்முன் நடந்ததைப் பதிவு செய்தார். பொறியில் இரை வைக்கவில்லை.

கெமாஸ் பண்ணையும் வங்கி எழுத்தரும்

நெகிரி செம்பிலான்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. கெமாஸில் இருந்த என்.எஃப்.சி. மாட்டுப் பண்ணை. அரசாங்கம் 25 கோடி வெள்ளி கடன் ஒதுக்கிய திட்டம். இலக்கை எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னதும் விவகாரம் வெடித்தது. பண்ணை நிறுவனத்தை நடத்தியது அப்போதைய அமைச்சர் ஷாரிஸாட் அப்துல் ஜாலிலின் குடும்பம்.

2012 மார்ச்சில் கெஅடிலானின் ரஃபிஸி ரம்லி செய்தியாளர் கூட்டத்தில் அந்த நிறுவனத்துடன் தொடர்புடைய வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்டார். அவருக்கு அந்த விவரம் ஒரு வங்கி எழுத்தரிடமிருந்து கிடைத்தது என்பது அரசுத்தரப்பு வழக்கு. இருவர்மீதும் அதே ஆண்டு ஆகஸ்டில், வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்கும் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. 2018 பிப்ரவரி 7-இல் ஷா ஆலம் செஷன்ஸ் நீதிமன்றம் இருவருக்கும் 30 மாதச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் 2019 நவம்பரில் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

விடுதலை என்றால் நிம்மதிதான். ஆனால் இடைப்பட்ட ஏழு ஆண்டை யார் திருப்பித் தருவது? அந்தத் தீர்ப்பால் ரஃபிஸி 2018 பொதுத்தேர்தலில் நிற்க முடியவில்லை. அவருக்குக் கட்சி இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், பின்னாளில் அமைச்சரானார். அவரோடு கூண்டில் நின்றவர் ஒரு சாதாரண வங்கி ஊழியர். பெரிய பெயர்கள் மேடையில் இருக்கும்போது இப்படிப்பட்ட ஒருவர் எப்போதும் ஓரத்தில் இருப்பார். நம் தோட்டத்துப் பிள்ளை இப்படியொரு விவகாரத்தில் இறங்கினால், பெரும்பாலும் அந்த ஓரத்து ஆளாகத்தான் இருப்பான்.

இந்த வழக்கில் பொறியும் இல்லை, இரையும் இல்லை. ஆதாரம் கிடைத்த வழிதான் சிக்கல். அலுவலகக் கோப்பைப் படம் எடுத்து அனுப்பும் எழுத்தர், வாடிக்கையாளர் கணக்கைப் பார்த்துச் சொல்லும் வங்கிக்காரர், அடுத்தவரின் புலனத்துக்குள் நுழைந்து உரையாடலைத் திருடுகிறவர் எல்லாரும் இந்த வகை. மற்றவர்களின் தகவல்தொடர்பை அனுமதியின்றி இடைமறிப்பது 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234-ஆவது பிரிவில் குற்றம். நீங்கள் கலந்துகொண்ட உரையாடலை நீங்கள் பதிவு செய்வது வேறு. நீங்கள் இல்லாத அறையில் ஒரு கைத்தொலைபேசியை மறைத்துவைத்துவிட்டு வருவது வேறு.

இந்தியாவில் நீதிமன்றம் சொன்னது

இதே கேள்வி இந்திய நீதிமன்றங்களில் நன்றாகவே அலசப்பட்டிருக்கிறது. 2005 டிசம்பரில் கோப்ராபோஸ்ட் செய்தியாளர்கள் இல்லாத ஒரு சிறுதொழில் சங்கத்தின் பெயரில் போய், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்குப் பணம் கொடுத்து, ரகசியக் கேமராவில் பதிவு செய்தார்கள். 11 உறுப்பினர்கள் அந்த மாதம் 23-ஆம் தேதி பதவி நீக்கப்பட்டார்கள். பிறகு டில்லி போலீஸ் செய்தியாளர் அனிருத்தா பஹல்மீதே லஞ்சத்துக்கு உடந்தை என்று வழக்குப் போட்டது. 2010-இல் டில்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊழலை வெளிக்கொணர்வது குடிமகனின் கடமை என்ற பக்கம் நின்றது தீர்ப்பு.

மற்றொன்று நேர் எதிர். 2003 நவம்பரில் சத்தீஸ்கர் தேர்தல் நெருங்கிய நேரத்தில், மத்திய இணையமைச்சர் திலீப் சிங் ஜுதேவ் பணம் வாங்கும் காணொளி பத்திரிகையில் வெளியானது. விசாரித்த சி.பி.ஐ., அமைச்சர்மீது மட்டுமல்ல, பொறி வைத்தவர்கள்மீதும் குற்றம் சாட்டியது. அரசியல் எதிரணியின் லாபத்துக்காகப் போடப்பட்ட திட்டம் என்றது. எங்கள் நோக்கம் பொதுநலம், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று அவர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பொறி வைத்தவரின் மனதில் என்ன இருந்தது என்பதை விசாரணையில்தான் பார்க்க முடியும், தொடக்கத்திலேயே விடுவிக்க முடியாது என்பது அதன் நிலை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஓகீஃப் என்ற ஆர்வலர் இப்படிப்பட்ட மாறுவேடக் காணொளிகளுக்கே பெயர் போனவர். 2010 ஜனவரியில் அவரோடு வந்தவர்கள் தொலைபேசி பழுதுபார்ப்பவர்கள்போல் வேடமிட்டு நியூ ஆர்லியன்ஸில் ஒரு செனட்டரின் அலுவலகத்துக்குள் போனார்கள். அங்கேயே பிடிபட்டார்கள். ஓகீஃப் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். அங்கே வினை ஆனது காணொளி அல்ல, பொய் சொல்லி அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், தமிழ் படித்தவள் என்ற பழக்கத்தால். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒருவன் வேவு பார்த்துக் கொண்டுவந்த செய்தியை இன்னொருவனை விட்டுச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். ஆனால் அது அரசனுக்குச் சொன்னது. ஒற்று அரசனின் கருவி. இன்றைய சட்டமும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. பொறி வைக்கும் வேலையை அதிகாரிகளிடம் விட்டுவைத்திருக்கிறது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆதாரம் திரட்டுவதற்காக மட்டும் பொறியில் பங்கெடுத்தவரின் சாட்சியத்தை அந்தக் காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்கிறது. சாட்சியம் செல்லும், சரி. அதனாலேயே அவர்மீது வழக்கு வராது என்று பொருளல்ல.

பாதுகாப்புச் சட்டம் யாருக்கு?

தகவலளிப்பவர் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்தது. பெயரைக் கேட்டு எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அமலாக்க நிறுவனத்திடம் சொன்னால்தான் பாதுகாப்பு. ஆணையம், போலீஸ், சுங்கத்துறை போன்றவை அந்த வரிசையில் வரும். பத்திரிகையிடம் சொன்னால், என்னையும் சேர்த்துத்தான், பாதுகாப்பு இல்லை. முகநூலில் போட்டாலும் இல்லை. அடுத்தது, தகவல் சொல்பவரே அந்தத் தவறில் பங்கெடுத்திருந்தால் 11-ஆவது பிரிவின்படி பாதுகாப்பை ரத்து செய்யலாம். லஞ்சம் கொடுத்துவிட்டுப் போய்ச் சொல்பவர் அந்த வலையில் விழுகிறார். 2025 ஜூலையில் இச்சட்டத்துக்கான திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. முன்னைவிட மேல்தான். ஆனால் ஊடகத்திடம் முதலில் போகிறவருக்கு அதிலும் குடை இல்லை.

இது நியாயமா என்றால், முழுக்க நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. தோட்டத்து மக்கள் அலுவலகங்களில் பட்ட அனுபவம் அப்படி. புகார் கொடுத்துக் காத்திருந்து அலுத்தவர்கள்தான் கைத்தொலைபேசியை நம்புகிறார்கள். கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே தராசில் வைத்தால், கொடுக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஏழை வாய் மூடிக்கொள்வார், வாங்கியவருக்கு அதுவே பாதுகாப்பு. சட்டத்தைத் திருத்தக் குரல் கொடுப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சட்டம் மாறும்வரை இருக்கிற சட்டத்துக்குள்தான் நம் பிள்ளைகள் நடமாட வேண்டியிருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? காசு கேட்டால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிடுங்கள். பேரம் பேச வேண்டாம், "கொடுக்கிறேன்" என்று வாக்கும் தர வேண்டாம். யார், எங்கே, எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிவையுங்கள். புலனத்தில் வந்த குரல்பதிவு இருந்தால் அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள், மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். பதிவு இருக்கும் அதே கைத்தொலைபேசிதான் நீதிமன்றத்துக்கு வேண்டும். பிறகு சிரம்பானில் உள்ள ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகம். நேரில் போக முடியாவிட்டால் 1-800-88-6000 என்ற கட்டணமில்லாத எண். புகாரில் உண்மை இருப்பதாகத் தெரிந்தால் பொறி வைப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நோட்டின் எண்ணைக் குறித்துவைத்து, அதிகாரிகள் மறைந்திருந்து, புகார்தாரரையே கொண்டுபோய்க் கொடுக்க வைப்பார்கள். பகாவ் இளைஞர்கள் போட்ட அதே திட்டம்தான், ஆனால் அங்கே காசு கொடுக்கிறவர் குற்றவாளி அல்ல, சாட்சி.

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். அவர்கள் முதலில் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. சிரம்பானில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

முகநூலில் போடுவது பற்றி இளைஞர்கள் விடாமல் கேட்டார்கள். பதிவில் இருப்பவர் நடுவில் நிற்கும் ஆள்தானே, அவர் சொன்ன "மேலே" யார் என்று காணொளியில் இல்லையே என்றேன். பெயர் சொல்லிப் போட்டால் அவதூறு வழக்கு, தவறான பெயர் போட்டால் இன்னும் மோசம். அதோடு, காணொளி பரவிய அன்றே அந்த ஆள் எல்லா ஆதாரத்தையும் அழித்துவிடுவார். விசாரணை தொடங்குமுன்பே முடிந்துபோகும்.

துண்டுத்தாளை மடித்து ஒருவர் பையில் வைத்துக்கொண்டார். போன வாரம் குறுஞ்செய்தி வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் சிரம்பான் போயிருக்கிறார்கள். வாக்குமூலம் எடுக்க இரண்டு மணி நேரம் ஆனதாம். அம்மாவுக்கு மலாய் சரளமாக வராததால் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். அந்த நடு ஆள் மறுபடியும் அழைத்தால் என்ன பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் அழைக்கவில்லை.